பென்டிரைவில் இறங்கிய மழை

வேப்பங்கரிசலுக்கு மழை பஸ்ஸில் வந்து இறங்கத் தொடங்கிய காலத்தில், அதாவது தாலுகா அலுவலகத்தின் கிழக்கு மூலை அறையில் சந்தனமாரி தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகப் பதினோரு வருஷத்தைக் கழித்து, வேலை நிரந்தரமாகும் என்ற நினைப்பையே கழற்றி வைத்துவிட்டிருந்த காலத்தில், அந்த ஊரில் வானத்தை அண்ணாந்து பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லாமல் போயிருந்தது. மேற்கே மலை நீலமாகப் படுத்திருந்தது. மேகங்கள் அதன் முதுகுவரை வந்து, சுமையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு கீழே எட்டிப் பார்த்துத் திரும்பிப் போயின. ஊர்க்காரர்கள் அதைக் கோபமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி.

தாலுகாவுக்கு இரண்டு மழைமானிகள் இருந்தன. ஒன்று அலுவலக வளாகத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. அதற்குள் ஓணான் ஒன்று குடும்பம் நடத்திவந்தது. இன்னொன்று இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, தாழையடுக்கத்தில், வனத்துறை ஓய்வு விடுதியின் முற்றத்தில் இருந்தது. அதை அளந்து எழுதும் பகுதிநேர வேலை சந்தனமாரியின் அக்கா குருவம்மாளுடையது. எட்டு வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் தங்கைக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தான் படிக்காமல் நின்றவள். மலைக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, புருஷன் மிளகுக் கொடி ஏறிய மரத்திலிருந்து விழுந்து செத்த பிறகும் அங்கேயே இருந்து, இரண்டு ஏக்கரில் மலைவாழையும் காப்பியும் ஆரஞ்சுமாக வளர்த்துத் தனியாகப் பிழைத்தவள்.

தாழையடுக்கத்துக்கு டவர் எட்டாது. ஆகையால் குருவம்மாள் காலை எட்டரைக்கு மழையை அளந்து, விடுதியில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அன்றைய கணக்கை ஒரு ஃபைலாகப் போட்டு, அதைக் கட்டைவிரல் பருமனுள்ள சிவப்புப் பென்டிரைவில் ஏற்றி, பென்டிரைவை ஒரு தைல டப்பாவுக்குள் வைத்து மூடி, ஒன்பது மணி பஸ் டிரைவர் ராயப்பனிடம் கொடுப்பாள். ராயப்பன் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு இறங்குவார். பதினொன்றுக்குச் சந்தனமாரி அதை வாங்கி, ஃபைலைத் தன் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துக்கொண்டு, இரண்டு மணி பஸ்ஸில் திருப்பி அனுப்புவாள். இப்படியே ஆறு வருஷமாக நடந்துவந்தது.

மழைக் கணக்கோடு அதில் கடிதங்களும் போய் வந்தன. குருவம்மாள் இரண்டே விரலால் தட்டக் கற்றிருந்தாள். அவளுடைய கீபோர்டில் 'ழ' விழாது, ஆகையால் அந்த இடத்திலெல்லாம் 'ல' போட்டு நகர்ந்துவிடுவாள். 'மாரி, நேற்று ராத்திரி நல்ல மலை. வாலை ரெண்டு சாய்ந்துவிட்டது. ஆரஞ்சு பூத்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா. நீ நேரத்துக்குச் சாப்பிடு.' சந்தனமாரி சிரித்துக்கொண்டே வாசிப்பாள். பதிலில் ஆபீஸ் கதை, புருஷன் திருமேனியின் பருத்திக் காடு காய்கிற கதை, கிணற்றில் மோட்டார் காற்று இறைக்கிற கதையெல்லாம் எழுதுவாள்.

புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், குருவம்மாள் ஆரஞ்சுப் பூவைப் போட்டோ போட்டோவாக எடுத்து அனுப்பியிருந்ததால் பென்டிரைவ் நிறைந்துபோயிருந்தது. இடம் காலி பண்ணலாம் என்று நினைத்து, சந்தனமாரி அன்றைக்குக் காப்பி கொடுக்காமல் கட் கொடுத்துத் தன் கம்ப்யூட்டரில் பேஸ்ட் செய்தாள். திரையில் ஒரு சின்னக் காகிதம் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பறந்து போனது. அது போய் விழுந்த அதே நிமிஷத்தில் ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்தது.

மலைமழை எப்படிப் பெய்யுமோ அப்படியே பெய்தது. முதலில் பனி போலச் சிணுங்கி, பிறகு நின்று நிதானித்து, பிறகு மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் கொட்டி, கடைசியில் ஒரு மூடுபனியைக் கூட்டிவந்து கடைத்தெருவில் விட்டுவிட்டுப் போனது. வெயிலுக்கே பழகிய ஊர் ஜில்லென்று நடுங்கியது. பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த ஒருவர் காலிலிருந்து அட்டையைப் பிடுங்கி எறிந்தார். வாட்ச்மேன் நனைந்துகொண்டே போய், ஓணான்களை வெளியேற்றிவிட்டு, மழைமானியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். நாற்பத்திரண்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர். தாழையடுக்கத்திலிருந்து வந்த ஃபைலிலும் நாற்பத்திரண்டு புள்ளி ஆறு.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு எண்ணையும் பார்த்தார். மறுநாள் காப்பி செய்யச் சொன்னார். ஒரு துளியும் விழவில்லை. அதற்கு மறுநாள் கட் செய்யச் சொன்னார். பதினெட்டு மில்லிமீட்டர் பெய்தது. நான்காம் நாள் அவளுடைய நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று பார்த்தார்.

"சரி, இது இடமாற்றம்தான். கவர்மென்ட்ல இடமாற்றம் ஆகாதது என்ன இருக்கு? ஒரு ஃபைல் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அன்றைக்கு அவளுக்கும் சேர்த்து டீ வந்தது, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக.

அன்றைய பென்டிரைவில் அக்காவின் கடிதம் இருந்தது. 'மாரி, இது என்ன கூத்தென்று தெரியவில்லை. காலையில் அளந்து எலுதினேன். இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. பதினொன்றரை மணி போல எல்லாம் காய்ந்துவிட்டது. ஓடைத் தண்ணீர் பின்னோக்கி நடந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். பெய்த மலை பெய்யாத மலையாகிவிட்டது.'

சந்தனமாரி இரண்டு தடவை வாசித்தாள். 'அக்கா, அது என்னால்தான்' என்று தட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வராந்தாவில் திருமேனி, முழங்கால்வரை கரிசல் சேறோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அலுவலகத்துக்கு அவளைத் தேடி வந்ததில்லை. அவள் தட்டியதை அழித்துவிட்டு, 'இங்கேயும் கொஞ்சம் மழை அக்கா. உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதி அனுப்பினாள்.

மழை வந்து சேர்ந்த விதத்தைப் பற்றி வேப்பங்கரிசலில் யாரும் அதிகம் பேசவில்லை. எந்தக் கிழமை வரவேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசினார்கள். பருத்திக்காரர்கள் செவ்வாயும் வெள்ளியும் கேட்டார்கள். அப்பளம் போடுகிற பெண்கள் கூட்டமாக வந்து, வாரத்தில் மூன்று நாளாவது வெயில் வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். செங்கல் சூளைக்காரர் சாயங்காலம் நாலுக்கு மேல் ஆட்சேபணையில்லை என்றார். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகை வைக்க வரும்போதே தேதியை ஒரு சீட்டில் எழுதித் தந்துவிட்டுப் போனார்கள், சீட்டோடு வெற்றிலை பாக்கும் வைத்து. வேண்டாத நாளின் மழை பென்டிரைவிலேயே தங்கி, மலையிலேயே கிடந்தது; வேண்டிய நாளின் மழை பதினொன்றரைக்குச் சொன்னபடி இறங்கியது. சுவர்களில் பாசி ஏறியது. தீப்பெட்டி ஆபீஸ் ஓட்டின்மேல் பெரணி முளைத்தது. ஜவுளிக்கடைக்காரர் ஸ்வெட்டர் வரவழைத்தார். அட்டைக் கடிக்குப் புகையிலைத் தண்ணீர் நல்லதென்று டீக்கடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்குள் குழந்தைகள் மூடுபனிக்குள் ஒளிந்து விளையாடப் புது விளையாட்டுகள் கண்டுபிடித்திருந்தார்கள். எல்லாம் இப்படித்தான் எப்போதும் இருந்தது என்பதுபோல ஊர் தன் போக்கில் நடந்தது.

முதலில் ஓரிருவர் கேட்காமல் இல்லை. "மேல இருக்கவுகளுக்குக் குறைஞ்சிராதா?" என்று பள்ளிக்கூட ஆயா ஒரு நாள் கேட்டாள். "மலைக்கு என்னத்தா குறை, அங்க மேகம் அடுப்படி வரைக்கும் வரும்" என்று கடைக்காரர் பதில் சொன்னார். அந்தப் பதில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு மலை என்ற சொல்லை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். 'மேற்கே' என்றார்கள், அப்புறம் அதையும் விட்டுவிட்டார்கள்.

சந்தனமாரியை இப்போது யாரும் ஆபரேட்டர் என்று கூப்பிடவில்லை. மழைக்காரம்மா என்றார்கள். காய்கறிக்காரி அவள் பையில் இரண்டு கத்தரிக்காய் கூடப் போட்டாள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் தெருவில் நடக்கும்போது பெரிய மனிதர்கள் சைக்கிளை நிறுத்தி, "வெள்ளிக்கிழமை உண்டுங்களாம்மா?" என்று தணிந்த குரலில் விசாரித்தார்கள். ராத்திரி படுக்கும்போது அவள் தனக்குள் சொல்லிக்கொண்டதெல்லாம் ஊரின் தாகத்தைப் பற்றித்தான். ஆனால் காலையில் மவுஸைத் தொடும்போது விரலில் ஏறிய இனிப்பு தாகத்தைப் பற்றியதல்ல என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அக்காவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. 'ஆரஞ்சு பிஞ்சிலேயே உதிர்கிறது.' 'காப்பிச் செடி குச்சியாக நிற்கிறது.' 'ஓடையில் கல் மட்டும் இருக்கிறது. தண்ணீருக்கு மூன்று வளைவு இறங்கிப் போகிறோம்.' 'வாலை இந்த வருசம் குலை தள்ளவில்லை மாரி.' ஒவ்வொன்றுக்கும் சந்தனமாரி, கவலைப்படாதே அக்கா, அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று பதில் போட்டாள். ஒரு தடவை பருத்திப் பணத்தில் ஒரு சேலை வாங்கி, ராயப்பனிடம் கொடுத்தனுப்பினாள். 'நல்ல சேலை. பத்திரமாக வைத்திருக்கிறேன். உனக்கு நல்ல மகசூல் என்று கேட்டு வயிறு நிறைந்தது' என்று குருவம்மாள் எழுதியிருந்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் சந்தனமாரிக்குக் கை போகவில்லை.

"ஏங்க, போதும்னு நிறுத்திரலாமா?"

திருமேனி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "எதை?"

"அக்காவுக்கு வாழையே தள்ளலையாம்."

"நீ நிறுத்துனா அவுக விட்ருவாகளா? நாளைக்கே வேற ஆளை உக்கார வச்சு அமுக்கச் சொல்வாக. ஒரு பொத்தான்தானே?" அவன் இன்னொரு கவளத்தை உருட்டினான். "அக்காவை இங்க கூட்டி வந்துரு. நம்மகிட்டதான் தண்ணி இருக்குல்ல."

அது நியாயம் போலத் தோன்றியது. அவள் அழைத்து எழுதினாள். 'என் செடிகளை விட்டுவிட்டு எங்கே வருவது' என்று பதில் வந்தது.

இரண்டாம் வருஷம் தை மாதத்தில் பஸ்காரர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பென்டிரைவ் இறங்கவில்லை. தாழையடுக்கத்தில் கோடைக்கு முந்திய மழை ஐந்து நாளும் பெய்தது, பெய்தபடியே கிடந்தது. செத்துவிட்டதென்று நினைத்த செடிகளின் கணுவில் பச்சை வந்தது. ஜனங்கள் சட்டியும் பானையுமாக வெளியே வைத்துப் பிடித்தார்கள். ஆறாம் நாள் பஸ் ஓடியது. குருவம்மாள் ஐந்து நாள் கணக்கையும் சேர்த்து அனுப்பினாள். பதினொன்றரைக்குச் சட்டிகளும் பானைகளும் காலியாகின.

அதைப் பார்த்த பிறகு மலைக்காரர்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கீழே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. யார் கை தொட்டு எழுதினால் மழை ஓடிப்போகிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. குருவம்மாளின் கடிதம் அந்த வாரம் நீளமாக இருந்தது.

'மாரி, நான் அளந்தால் மலை ஊரில் தங்காதாம். தாலி அறுத்தவளைக் அளவுகோல் பிடிக்க விட்டதால் வந்த வினை என்று சொல்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் எனக்கு முன்னே குடத்தை வைத்துவிட்டு நகர்கிறார்கள். சைபர் என்று எலுதி அனுப்பிவிடு, அப்போதாவது தங்குகிறதா பார்ப்போம் என்று பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி வீட்டில் சொன்னார்கள். பெய்ததைப் பெய்யவில்லை என்று எலுத எனக்குக் கை வரவில்லை. நான் பொய்க் கணக்குக் கொடுத்து, நாளைக்கு அது வெளியே தெரிந்து, உன் வேலைக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது.'

சந்தனமாரி கடைசி வரியில் நின்றுவிட்டாள். மின்விசிறி சுற்றியது. வெளியே மூடுபனிக்குள் யாரோ இருமிக்கொண்டு போனார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் முடிவெடுத்துவிட்டாள், நிறுத்திவிடுவதென்று, எல்லாவற்றையும் அக்காவுக்கு எழுதிவிடுவதென்று. எடுத்த முடிவு உண்மையானதுதான். ஆனால் ஊர்க் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழிகிற மறுகால் பாய இன்னும் ஒரு முழம்தான் பாக்கி இருந்தது. நாற்பது வருஷமாகப் பாயாத மறுகால். அது பாய்கிற அன்றைக்கு மழைக்காரம்மாவுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று ஊர் கூடித் தீர்மானித்து, தட்டியில் அவள் படத்தையும் அச்சடித்திருந்தது. இந்த ஒரு முழம் மட்டும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரு முழத்துக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவள் அக்காவுக்குப் பதில் எழுதவில்லை.

பத்தாம் நாள் காலையில் ராயப்பன் வழக்கம்போலப் பதினொன்றுக்கு வந்து தைல டப்பாவை மேசைமேல் வைத்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இரண்டு பேர் வந்து, "நேரமாச்சும்மா, மேடைக்கு வாங்க" என்று அவசரப்படுத்தினார்கள். அவள் நின்றபடியே பென்டிரைவைச் செருகி, கட் கொடுத்து, பேஸ்ட் கொடுத்துவிட்டு ஓடினாள். அவள் கண்மாய்க் கரையை அடைவதற்குள் மறுகால் பாய்ந்துவிட்டது. சனம் ஓவென்று கூவியது. ஒலிபெருக்கிகளைப் பஸ் ஸ்டாண்டுவரை கட்டியிருந்தார்கள். "வற்றாத மலையிலிருந்து நமக்காக மழையை எடுத்துத் தரும் நமது மழைக்காரம்மா சந்தனமாரி அவர்களுக்கு" என்று ஒருவர் அடித்தொண்டையில் அறிவித்தார். நனைந்த பொன்னாடை தோளில் கனத்தது.

மத்தியானம் திரும்பி வந்து பென்டிரைவைத் திறந்தபோதுதான், அதில் கடிதம் இல்லை என்று கண்டாள். ஆறு வருஷமும், அதற்கு மேலே ஒன்றரை வருஷமும் சேர்த்து, கடிதம் இல்லாமல் அது வந்ததேயில்லை. ஒளிந்துகிடக்கிற ஃபைல்களைக் காட்டச் சொல்லியும் தேடினாள். ஒன்றுமில்லை.

ராயப்பன் பஸ்ஸை எடுக்காமல் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"காலையிலயே சொல்ல வந்தேன் தங்கச்சி. உங்கக்காவும் என் பஸ்லதான் இறங்கினாக. துணிப்பை ஒண்ணு, சேலைப்பெட்டி ஒண்ணு. காட்டைக் கங்காணி வீட்டுக்கே கொடுத்துட்டாகளாம். தங்கச்சி வீட்டுக்குத்தான் போறேன்னு வழியெல்லாம் பேசிக்கிட்டு வந்தாக."

"எங்கண்ணே? எங்க இருக்கா?"

ராயப்பன் ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினார். "பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் சுவத்துப் பாசியைக் கையால தொட்டுப் பாத்தாக. அட்டை ஒண்ணு கால்ல ஏறுச்சு. அதை எடுத்து விரல்ல வச்சுக்கிட்டே நின்னாக. அப்பத்தான் மழை பிடிச்சுது. மைக்குல உன் பேரைச் சொன்னான். முழுசும் கேட்டாக. நனைஞ்சுக்கிட்டே நின்னு கேட்டாக. வீட்டுக்கு வழி சொல்லவான்னு கேட்டேன். வேண்டாம் தம்பி, திருப்பூர் பஸ் எங்க நிக்கும்னு மட்டும் சொல்லுன்னாக."

"எதாச்சும் சொன்னாளா?"

"ஏறி உக்காந்த பெறகு ஒண்ணு சொன்னாக. 'காலையில முப்பத்தொண்ணுன்னு எழுதினேன், இங்க முப்பத்தொண்ணு தேறுமான்னு அவளைச் சரி பாக்கச் சொல்லு'ன்னாக."

சந்தனமாரி அலுவலகத்துக்குப் போய் மழைமானியை எடுத்து அளந்தாள். முப்பத்தொன்று இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் கண்மாயில் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்து, ஒன்றரை வருஷத்து ஃபைல்களையும், மொத்தம் இருநூற்றுப் பதினேழையும், ஒரே பிடியாகப் பிடித்துக் கட் கொடுத்து, பென்டிரைவில் பேஸ்ட் செய்தாள். பச்சைக் கோடு மெள்ள மெள்ள நகர்ந்தது. கண்மாயில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் இடுப்பளவிலும், பிறகு முழங்காலளவிலும், பிறகு வெடித்த களிமண்மேலும் நின்றார்கள். பாசி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கிணறுகள் வாயைப் பிளந்தன. வீட்டில் மூட்டை கட்டி வைத்திருந்த பருத்தி மட்டும் அப்படியே இருந்தது. குடித்த தண்ணீரும் விளைந்த விளைச்சலும் திரும்பவில்லை. ஆகையால் ஃபைல்களிலெல்லாம் எண்கள் கொஞ்சம் குறைந்து ஏறின. நாற்பத்திரண்டு புள்ளி ஆறு முப்பத்தொன்பதாகியிருந்தது.

ஊர் அவளைத் திட்டிய திட்டைச் சொல்லி மாளாது. அப்பளக்காரப் பெண்கள் மட்டும் பேசாமல் பாயை விரித்துக் காயப் போட்டார்கள். திருமேனி காய்ந்த கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் குடிச்சதை நீ ஒருத்தி எப்படிடி திருப்பிக் குடுப்ப?" என்றான்.

"தெரியலங்க" என்றாள். பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு மறுநாள் காலைப் பஸ்ஸில் மலையேறினாள். அவளுடைய நாற்காலியில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மேலேயிருந்து ஒரு ஃபைலும் வரவில்லை.

தாழையடுக்கத்தில் விடுதிச் சாவி ஆணியில் தொங்கியது. கம்ப்யூட்டர்மேல் தூசியில்லாமல் துணி போட்டு மூடியிருந்தது. இருநூற்றுப் பதினேழையும் ஒரே தடவையில் இறக்கினால் மலையே சரிந்துவிடும் என்பதால், அவள் நாளொன்றுக்கு ஒரு ஃபைலாக இறக்கினாள். காலையில் அதைப் பேஸ்ட் செய்துவிட்டு முற்றத்தில் போய் நிற்பாள். ஏழு மாதம் அப்படி நடந்தது. ஓடை வந்தது. கங்காணி வீட்டுக்காரர்கள் குருவம்மாளின் காட்டில் புதுக் கன்று வைத்தார்கள். குருவம்மாள் போனதும் மழை ஊரிலேயே தங்கிவிட்டது பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். சந்தனமாரி ஓடையடியிலும் கடையிலும் ஆள் ஆளாகப் பிடித்து, அது அக்காவால் இல்லை, நான்தான் எடுத்தேன் என்று சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள், நம்பவில்லை. மழை பெய்கிறபோது அந்தப் பேச்சு யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

கடைசி ஃபைல் இறங்கிய மறுநாள் அவள் திருப்பூருக்குப் போனாள். ராயப்பனுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக விலாசம் கிடைத்திருந்தது. பனியன் கம்பெனி ஒன்றுக்குப் பின்னால், வரிசையாகப் பன்னிரண்டு அறைகளுள்ள லைன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், குருவம்மாள் தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. விரல் நுனிகளில் கத்தரிக்கோல் காய்ப்பு ஏறியிருந்தது. தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை.

"வா மாரி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க்கா."

"எளைச்சுப் போயிட்ட."

சந்தனமாரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு மாதமாக மனசுக்குள் எழுதி எழுதி அழித்த கடிதத்தை விட்டுவிட்டு, படபடவென்று சொன்னாள்: "எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டேன் அக்கா. ஒண்ணு விடாம. ஓடையில தண்ணி வந்திருச்சு. வா, மேல போவோம். நான் வந்து கூட இருக்கேன்."

"நல்லது" என்றாள் குருவம்மாள். கல் ஒன்றைப் பொறுக்கி வாசலுக்கு எறிந்தாள். "இன்னைக்கு யாரு அளந்தா?"

"என்னக்கா?"

"நீ இங்க இருக்கியே. எட்டரைக்கு யாரு அளந்தா?"

அன்றைக்கு யாரும் அளந்திருக்கவில்லை.

"நான் உன்னைக் கேட்டிருந்தா குடுத்திருப்பனே மாரி" என்றாள் குருவம்மாள். பிறகு தான் சொன்னது தப்பாக வந்துவிட்டதென்று தலையை ஆட்டி, நிதானமாகத் திருத்திச் சொன்னாள்: "நீ என்னைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். எழுதி ஒரு வரி கேட்டிருந்தாப் போதும்."

அப்போது வெளியே மழை பிடித்தது. திருப்பூருக்கு அது தானாகவே வந்த மழை. எந்தக் கிழமை என்று யாரும் சொல்லி வைக்காத மழை. பன்னிரண்டு அறைகளிலிருந்தும் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு கொடியை நோக்கி ஓடினார்கள். "குருவக்கா, உங்க சேலையும் நனையுது" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். குருவம்மாள் எழுந்திருக்கவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, முறத்தைச் சுவர்ப் பக்க வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, அரிசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

சந்தனமாரிதான் ஓடிப்போய்ச் சேலையை உருவினாள். உருவியதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல், கொடிக்கம்பிக்கு அடியில் நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. மழை பெரிதாக, நல்ல மழையாக, ஓட்டின்மேல் தடதடவென்று பெய்தது. எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்று திரும்பி ஒரு கண் பார்க்கவும் அக்காவுக்குத் தோன்றவில்லை.